இலைக்கட்டுக்கு முன்னால் ஒரு சாண் சீட்

வாழை இலையைப் பற்றி யாராவது உயர்வாகப் பேச ஆரம்பித்தால் நான் எழுந்து வெளியே போய்விடுவேன். பச்சை என்பார்கள், மணம் என்பார்கள், சூடான சோறு விழுந்ததும் வருகிற வாசனையைச் சொல்லிக் கண்ணை மூடுவார்கள். அந்த இலை பந்திக்கு வருவதற்கு முன்னால் யாருடைய முதுகில் சாய்ந்துகொண்டு வந்தது, அந்த முதுகுக்குக் கீழே என்ன இருந்தது என்று அவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். முதுகு என்னுடையது.

முக்கூடலில் ஆற்றங்கரைத் தோட்டங்களில் இலை எடுத்து, பழைய மோட்டார் பைக்கில் கட்டி, வண்ணார்பேட்டையில் இரண்டு சாப்பாட்டுக் கடைகளுக்குக் கொஞ்சம் இறக்கிவிட்டு, மீதியை ராதாபுரத்துக்குக் கொண்டுபோவது என் தொழில். ராதாபுரம் பக்கம் பனை நிற்கும், உடைமரம் நிற்கும், காற்றாலை நிற்கும். வாழை நிற்காது. ஆனால் கல்யாணம் அங்கேயும் நடக்கிறது, அங்கேயும் ஜனங்கள் இலை போட்டுத்தான் சாப்பிடுகிறார்கள்.

அதற்கு முன்னால் நான் செய்யாத வேலை இல்லை. எட்டாம் வகுப்பில் பாதியிலேயே இறங்கிக்கொண்டவன். லாரியில் கிளீனராகப் போனேன். கேரளத்தில் ஓட்டலில் மேசை துடைத்தேன். தரைக்கு ஓடு பதித்தேன். காற்றாலைக்குக் காவல் இருந்தேன். எதிலும் வருஷம் திரும்பியது கிடையாது. ஒரு நாள் காலையில் எழுந்ததும் கால் தானாக பஸ் ஸ்டாண்டுக்குப் போகும், அவ்வளவுதான். கடைசியில் முக்கூடலில் அக்கா வீட்டுப் பின்கட்டில் வந்து விழுந்தேன். அக்கா பீடி சுற்றுகிறவள். மடியில் சுளகை வைத்துக்கொண்டு, தலையை நிமிர்த்தாமலே அவள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

"இந்த எலை யாவாரமாவது நெலைக்கட்டும்லே. இதையும் விட்டுட்டு வந்து நின்னேன்னா பின்கட்டுக் கதவு தெறக்காது. சொல்லிட்டேன்."

சும்மா சொல்கிற ஆள் இல்லை அவள். எனக்கு வேறு கதவும் கிடையாது. நாற்பது வயதில் பஸ் ஸ்டாண்டில் துண்டை விரித்துப் படுக்கிற ஆட்களை நிறைய ஊர்களில் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குப் பக்கத்தில் படுத்தும் இருக்கிறேன்.

இலை வியாபாரம் நிலைத்து நின்றது ஒரே ஒரு ஆளால். ராதாபுரத்தில் ஒரு தவசிப்பிள்ளை. கல்யாணச் சமையல்காரரை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். சுற்று வட்டாரத்தில் எந்த வீட்டில் விசேஷம் என்றாலும் அடுப்பு அவருடையது, இலையும் அவர் சொல்கிற ஆளுடையது. என்னை விட ஐந்தாறு வயதுதான் கூட இருப்பார், இருந்தாலும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன். அவருக்கு ஒரே ஒரு சோதனைதான். கட்டை அவிழ்த்து இலையைச் சாய்த்தால் தண்ணீர் உருண்டு ஓட வேண்டும். உருண்டால் வாங்குவார். இல்லையென்றால் வள்ளியூர்க்காரன் ஒருவன் போன் அடித்த உடனே வரத் தயாராக இருந்தான்.

அந்தத் தண்ணீர்தான் என்னைக் கெடுத்தது.

வண்டியில் இலை எப்படி ஏறும் என்று சொன்னால்தான் இது விளங்கும். இரண்டு பக்கமும் ஒவ்வொரு கட்டு தொங்கும். மூன்றாவது கட்டு, பெரியது, சீட்டின் மேலேயே நெட்டுக்கு நிற்கும். எல்லாவற்றையும் நனைத்த சாக்கில் சுற்றியிருக்கும், இல்லாவிட்டால் வெயிலில் இலை நாங்குநேரி தாண்டுவதற்குள் சுருண்டுவிடும். பெரிய கட்டு முக்கால் சீட்டை எடுத்துக்கொண்டால் மனிதனுக்கு மிஞ்சுவது முன்னால் ஒரு சாண். டேங்க் முடிகிற இடத்தில் சீட் ஒடுங்கி, ஓரத்தில் தையல் தடித்து நிற்குமே, அந்த இடம். அதில் பாதி உட்கார்ந்து பாதி தொங்கிக்கொண்டு போக வேண்டும். பின்னாலிருந்து சாக்குத் தண்ணீர் முதுகுத்தண்டு வழியாக இறங்கி சரியாக அங்கே வந்து தேங்கும். வெறும் தண்ணீரும் இல்லை. வாழைக் கறை கலந்த தண்ணீர். தோலில் பட்டால் பிசுபிசுக்கும், காய்ந்தால் அரிக்கும், துணியில் பட்டால் காய்ந்த ரத்தம் மாதிரிக் கறுத்து நிற்கும், எந்தச் சோப்புக்கும் போகாது.

நான் போட்டுக்கொண்டு போனது நடைபாதைக் குவியலில் பொறுக்கிய பழைய ஜீன்ஸ். கவட்டையில் நான்கு தையல் வந்து சேருகிற இடம் ஒரு முடிச்சு மாதிரி இருக்கும். நனைந்தால் அது கல்லாகிவிடும். அந்தக் கல்லின் மேல் உட்கார்ந்துகொண்டு முக்கூடலிலிருந்து ராதாபுரம் வரை.

முதலில் சிவந்தது. பிறகு தொடை இடுக்கில் தோல் உரசி வழுவழுவென்று ஆனது. பிறகு உட்காருகிற எலும்பின் மேல் கட்டி கட்டியாகக் கிளம்பியது. ராத்திரி குப்புறப் படுப்பேன். காலையில் பாயைவிட்டு எழும்போது இடுப்பில் கட்டிய சாரம் புண்ணோடு ஒட்டிக்கொண்டிருக்கும். தண்ணீர் விட்டு நனைத்து, பைய உரித்து எடுக்க வேண்டும். அப்போது வருகிற நாற்றத்தை எழுத எனக்கு வார்த்தை கிடையாது. ஓட்டலில் எச்சில் தொட்டியைக் கழுவியிருக்கிறேன், லாரிக்கு அடியில் செத்த நாயை இழுத்துப் போட்டிருக்கிறேன். அதெல்லாம் வெளியே உள்ள நாற்றம், மூக்கைப் பொத்திக்கொண்டு நகர்ந்துவிடலாம். இது நான் போகிற இடத்துக்கெல்லாம் கூடவே வந்தது.

"சூடுலே," என்றாள் அக்கா. "நாள் பூரா இஞ்சினு மேல உக்காந்து போனா சூடு புடிக்காம என்ன செய்யும்? வெந்தயத்தைத் தின்னு. ஆத்துல போயி இடுப்பளவு தண்ணியில உக்காரு. குளுந்துரும்."

தோட்டக்காரர் சூடு என்றார். டீக்கடையில் சூடு என்றார்கள். எங்கள் ஊரில் தலைவலிக்கும் சூடுதான், கண் சிவந்தாலும் சூடுதான், பையன் பரீட்சையில் தோற்றாலும் மூளையில் சூடு. நானும் நம்பினேன். வெந்தயம் தின்றேன். பதநீர் குடித்தேன். விடிந்ததும் ஆற்றில் போய்க் கழுத்துவரை முங்கிக்கொண்டு புண்ணைக் குளிரவைத்தேன். அதோடு நிறுத்தியிருந்தாலும் பரவாயில்லை. குளிர்ச்சி போய்விடக் கூடாது என்று துவட்டாமல், நனைந்த ஜட்டியோடு மேலே ஜீன்ஸை இழுத்து மாட்டிக்கொண்டு வண்டியில் ஏறினேன். ஈரம் காயக் காயக் குளிர்ச்சி உள்ளே இறங்கும் என்று தோட்டக்காரர் சொல்லியிருந்தார். அவரும் அவருடைய அப்பாவும் அப்படித்தான் செய்வார்களாம். அவர்கள் நடந்து தோட்டத்துக்குப் போனவர்கள் என்பதை நான் யோசிக்கவில்லை.

அந்த ஆறும் ஒரு லட்சணத்தில் இல்லை. மேலே பாபநாசத்தில் தோஷம் கழிக்க வருகிறவர்கள், உடுத்திய துணியை அப்படியே தண்ணீரில் விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போகிறார்கள். அவர்கள் பாவம் போயிற்று. துணி எங்கே போகும்? கீழேதான் வரும். முங்கி எழுந்தால் காலில் வேட்டி சுற்றும், கையில் பாவாடை மாட்டும். கரையோரத்து வேர்களில் சேலைகள் சேறு பிடித்துக் குடல் மாதிரித் தொங்கும்.

அதில் ஒன்று புதுச்சேலை. ஆரஞ்சுக் கரை போட்டது, வழவழவென்று மெத்தென்று இருந்தது. அலசிப் பிழிந்து, எட்டாக மடித்து, அந்த ஒரு சாண் சீட்டில் வைத்துக் கட்டினேன். முதல் நாள் சுகமாகத்தான் இருந்தது. பிறகு தெரிந்தது, நைலான் துணி தண்ணீரை உள்ளேயும் வாங்காது வெளியேயும் விடாது என்று. கறைத் தண்ணீரும் வியர்வையும் மடிப்புக்குள் நின்று ஊறிப் புளித்துப் போயின. நான் கஞ்சித் தொட்டியில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்து போனேன்.

அக்கா ஒரு நாள் சீட்டைப் பார்த்துவிட்டாள்.

"ஏலே, இது ஏது சேலை?"

"ஆத்துல கெடந்துச்சு."

"ஆத்துல கெடந்துச்சா? எவளோ ஏழரையைக் கழிச்சி வுட்டுட்டுப் போயிருக்கா. அதை எடுத்துக் குண்டிக்கு வச்சிக்கிட்டு நீ ஊரூராப் போறியோ? வெளங்குமாலே?"

"சேலை நல்லாத்தானக்கா இருக்கு."

"சேலை நல்லாத்தான் இருக்கும். விட்டுட்டுப் போனவளும் இப்பம் நல்லாத்தான் இருப்பா. நீதான் நாறிக்கிட்டு இருக்கே."

குச்சியால் தூக்கிக்கொண்டு போய் அடுப்பில் போட்டாள். நைலான் உருகி ஒழுகி வீடு முழுக்கக் கருகல் நாற்றம். அன்றைக்கு அவள் சுற்றிய பீடியைக் குடித்தவன் என்ன நினைத்தானோ.

வண்ணார்பேட்டையில் மருந்துக் கடைக்குப் போனேன். பஸ்ஸுக்கு நிற்கிற கூட்டம் முழுக்கக் கடை வாசலில்தான் நிற்கும். கவுண்டரில் ஒரு சின்னப் பெண்.

"புண்ணுக்கு மருந்து வேணும்."

"எங்கண்ணே புண்ணு?"

"உக்காருத எடத்துல."

"உள்ளயா, வெளியவா?"

எனக்குப் புரியவில்லை. விழித்தேன்.

"மூலமான்னு கேக்கேன்."

"இல்லம்மா. வண்டி ஓட்டி வந்தது."

எனக்குப் பின்னால் நின்ற பெரியவர் ஒருவர் தலையை நீட்டினார். "வண்டி ஓட்டுனா வருததா? அப்பம் அதுல எனக்கும் ஒண்ணு குடும்மா."

அந்தப் பெண் போனைப் பார்த்தபடியே இரண்டு டியூப்பை எடுத்துப் போட்டாள். படர்தாமரைக்குப் போடுகிற களிம்பு. பூசினதும் ஐஸ் வைத்த மாதிரி இருந்தது. ஆகா என்றிருந்தது. பூசப் பூசத் தோல் வெங்காயச் சருகு மாதிரி மெலிந்துகொண்டே போனது, பிறகு விரல் பட்டாலே கிழிந்தது. சர்க்கார் ஆஸ்பத்திரியில் காட்டினேன். டாக்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "கொஞ்ச நாளைக்கு வண்டியில உக்காராதீங்க," என்றார். எழுதிக் கொடுத்த மாத்திரையை வாங்கிக்கொண்டு, வண்டியில் ஏறித்தான் திரும்பி வந்தேன்.

ஈரம்தான் வினை என்று ஒரு சந்தேகம் எனக்குள் எப்போது வந்தது என்று தெரியவில்லை. ஒரு தடவை, நீலப் பிளாஸ்டிக் ஷீட்டை வாங்கி, பெரிய கட்டை முழுக்கச் சுற்றிக் கட்டினேன். ஒரு சொட்டு வெளியே வரவில்லை. என் முதுகு காய்ந்திருந்தது. பாட்டுக்கூடப் பாடிக்கொண்டு போனேன் என்று நினைவு. ராதாபுரத்தில் அவிழ்த்ததும் குப்பென்று ஆவி அடித்தது. உள்ளே இலை வெந்திருந்தது. ஓரமெல்லாம் கறுத்து, நடுவில் மஞ்சளடித்து, கீரை வேகவைத்த சட்டியைத் திறந்த வாசனை.

தவசிப்பிள்ளை ஓர் இலையைத் தூக்கிப் பிடித்தார். அது அவர் கையில் துண்டு மாதிரித் தொங்கியது.

"வே, நான் எலை கேட்டனா, பொரியல் கேட்டனா?"

"வெயில் கூடுதல் அண்ணாச்சி."

"வெயில் இன்னைக்குத்தான் புதுசா அடிக்குதோ? இன்னொரு தடவை இந்த மாரி வந்துச்சு, நான் வள்ளியூர்க்காரனுக்குப் போனைப் போட்டுருவேன். நீரு அப்பிடியே வண்டியைத் திருப்பிக்கிட்டுப் போயிறலாம்."

ஆக, இலைக்கு ஈரம் வேண்டும், எனக்கு உலர்ச்சி வேண்டும். இரண்டுக்கும் நடுவில் ஒரு சாக்குதான் இருந்தது. இலை காய்ந்தால் வியாபாரம் போகும், வியாபாரம் போனால் பின்கட்டுக் கதவு மூடும். புண்ணுக்கு அந்தப் பயம் எல்லாம் கிடையாது. ஷீட்டைச் சுருட்டி எறிந்துவிட்டு, பழையபடி சாக்கை நனைத்துக் கட்டினேன்.

ஆவணியில் ஒரு பெரிய வீட்டுக் கல்யாணம் வந்தது. ஒரு காலத்தில் நிலம் நீச்சோடு இருந்த சைவக் குடும்பம், இப்போது எல்லாரும் உத்தியோகத்தில் இருக்கிறார்கள். தவசிப்பிள்ளைக்கு அந்த வருஷத்திலேயே பெரிய வேலை அதுதான். போனில் திரும்பத் திரும்பச் சொன்னார். "எல்லாம் நுனி எலையா இருக்கணும். முந்தின நாள் சாயந்திரத்துக்குள்ள வந்துறணும். அப்புறம் வே, அந்தக் கிழிஞ்ச ஜீன்ஸைப் போட்டுக்கிட்டு வரப்பிடாது. பெரிய எடம். வெள்ளை வேட்டி கட்டிக்கிட்டு வாரும்."

ஒட்டாத துணி என்று எனக்கும் அது சௌகரியமாகத்தான் பட்டது. தோட்டத்தில் இலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்து எடுத்தேன். சாக்கை வழக்கத்தை விட அதிகமாக நனைத்தேன். இந்த ஒரு நடை ஒழுங்காகப் போய்விட்டால் தை மாதம்வரை கவலை இல்லை என்று கணக்கு. அன்றைக்கு என் பின்பக்கத்தில் இரண்டு கட்டிகள் பழுத்து, உடைவதற்கு நேரம் பார்த்துக்கொண்டிருந்தன.

நாங்குநேரி தாண்டியதும் காற்று பிடித்தது. அந்த மாதத்துக் காற்றை அந்தப் பக்கம் வண்டி ஓட்டினவனிடம்தான் கேட்க வேண்டும். மேற்கேயிருந்து, வலப்பக்கமாக, ஆள் தள்ளுகிற மாதிரித் தள்ளும். பின்னால் நெட்டுக்கு நிற்கிற இலைக்கட்டு பாய்மரம் மாதிரிக் காற்றை வாங்கும். வண்டி ரோட்டைவிட்டுப் போகாமல் இருக்க இரண்டு தொடையாலும் டேங்கை இறுக்க வேண்டும். இறுக்கினால் இடுக்கில் உரசும். வலி தாங்காமல் மிதியில் எழுந்து நின்றால் கட்டு ஆடி வண்டி அலையும். மறுபடி உட்கார வேண்டும். எழுந்து நின்ற புண்ணின் மேல் மறுபடி உட்காருவது முதல் தடவை உட்காருவது போல இல்லை. வள்ளியூருக்கு முன்னால் எங்கேயோ வெதுவெதுவென்று ஏதோ இறங்கியது. சாக்குத் தண்ணீர் சில்லென்று இருக்கும். இது சூடாக இருந்தது. உடைந்துவிட்டது என்று தெரிந்தது. வலி குறைந்ததில் எனக்கு ஒரு கேவலமான சந்தோஷம்கூட வந்தது. அப்படியே அதன் மேல் உட்கார்ந்து போனேன்.

கல்யாண வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. பெண்கள் உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். தவசிப்பிள்ளையே வந்து பக்கவாட்டுக் கட்டு ஒன்றை அவிழ்த்தார். மேல் இலையைச் சாய்த்தார். தண்ணீர் முத்து முத்தாக உருண்டு அவர் காலில் கொட்டியது.

"இதுல்லா எலை!" என்றார் காய் நறுக்குகிற பெண்களைப் பார்த்து. "பாத்தீயளா? தண்ணி எப்பிடி உருளுது பாருங்க. இந்தாள் முக்கூடல்ல இருந்து வாராரு."

இப்படி யாரும் என்னைக் காட்டிப் பேசினதில்லை. தண்ணீர் குடிக்கலாம் என்று பானைப் பக்கம் திரும்பினேன். முதுகுக்குப் பின்னால் பேச்சு நின்றுபோயிற்று. ஒரு பெண் சேலைத் தலைப்புக்குள்ளேயே "ச்சீ" என்றது கேட்டது.

"வே, நில்லும். திரும்பாதீரும். அப்பிடியே நில்லும்." பிறகு அவர் குரல் மாறியது. "ஏலே, என்னலே இது வேட்டியில?"

"வாழைக் கறை அண்ணாச்சி."

அவர் குனிந்தார். வேட்டிக்கு ஒரு முழ தூரத்தில் மூக்கைக் கொண்டுவந்தார்.

"கறை இப்பிடி நாறுமாலே?"

 அவர் நேராக வண்டிக்குப் போனார். சீட்டைப் பார்த்தார். பெரிய கட்டில் என் இடுப்பு அழுந்தி வந்த இடத்தைப் பார்த்தார். சாக்கில் உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சளும் சிவப்புமாக ஒரு தடம், ஈரத்தில் ஊறிக் கீழே வரை இறங்கியிருந்தது. அவருக்கு ஓங்கரித்துக்கொண்டு வந்தது. ஓரமாகப் போய்த் துப்பிவிட்டு வந்தார்.

"இதுலயாலே நான் மாப்பிள்ளைக்குச் சோறு போடணும்?"

அந்தக் கட்டில் உள்ளே இருந்த இலை எல்லாம் அருமையான இலை. நான் பார்த்துப் பார்த்து எடுத்தது. ஒன்றில்கூட ஒரு கிழிசல் கிடையாது. அதை ஓர் ஆள் கம்பால் தள்ளிக்கொண்டு போய்க் குழியில் போட்டு, மேலே மண்ணை வெட்டிப் போட்டான். மாடு தின்றுவிடக் கூடாதாம். வள்ளியூர்க்காரனுக்குப் போன் போனது. முகூர்த்த நாள், அவனிடமும் மிச்சம் இல்லை. பக்கவாட்டுக் கட்டுகள் இரண்டையும் பிரித்து, தவசிப்பிள்ளை ஒவ்வோர் இலையாகத் தானே கழுவினார். மறுநாள் கடைசிப் பந்தியில் மேளக்காரர்களுக்கும் டிரைவர்களுக்கும் பேப்பர் இலைதான். பேப்பர் இலை போட்ட பந்தியை அவர் எட்டிக்கூடப் பார்க்கவில்லையாம். வீட்டுக்காரர்களிடம் இலை குறைந்துபோச்சு என்று மட்டும் சொல்லியிருக்கிறார். ஏன் என்று சொல்லியிருந்தால் அவருக்கும் அடுப்பு அத்தோடு அவிந்திருக்கும்.

கட்டைப் புதைத்த அன்று சாயந்திரமே என்னைப் பம்புசெட்டுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார். அடிக்கப்போகிறார் என்று நினைத்தேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, கட்டியிருந்த சாரத்தைத் தொடைவரை தூக்கினார்.

"பாரும்."

உள்தொடை இரண்டும் கறுத்து, தடித்து, யானைத் தோல் மாதிரி மடிப்பு மடிப்பாக இருந்தது. நான் கண்ணை எடுத்துக்கொண்டேன்.

"இப்பம் எதுக்கு மூஞ்சியைத் திருப்புதீரு? பொழுதன்னைக்கும் அடுப்படியில வேர்த்து ஊத்திக்கிட்டு நடக்கவனுக்கு இது இல்லாம இருக்குமா? எனக்கும் சீழ் வச்சிருக்கு. இத்தனை வருசத்துல ஒருத்தன் எலைக்கும் அதை நான் கொண்டுபோனது கெடையாது."

"சூடுன்னு சொன்னாவ அண்ணாச்சி. அதான் ஆத்துல..."

"சூடுமில்ல, மண்ணாங்கட்டியுமில்ல. ஈரம் வே, ஈரம். ஈரத்துணி அரைக்கி. அம்மியில வச்சி அரைக்க மாரி அரைக்கி. நீரு அதுக்குத் தண்ணி வேற தெளிச்சிக் குடுத்திருக்கீரு." சாரத்தை இறக்கிவிட்டார். "ஏறுததுக்கு முன்ன வெளக்கெண்ணெயைத் தடவும். புண்ணு வந்த பொறவு இல்ல, வாரதுக்கு முன்ன. காஞ்ச பட்டாபட்டி டவுசர் போடும். தையல் வெளிய இருக்க மாரித் திருப்பிப் போடும். வேர்த்தா மாத்தும். அவ்வளவுதான் வித்தை. அடுத்த முகூர்த்தத்துக்கு அந்தக் குண்டி காஞ்சிருந்தா வாரும். இல்லன்னா வள்ளியூர்க்காரன் வருவான்."

வண்ணார்பேட்டையில் வெல்டிங் கடை ஒன்றில் வண்டியைக் கொடுத்தேன். பின்சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் தாழ்வாகக் கம்பிச் சட்டம் வைத்து, பெரிய கட்டையும் இரண்டாகப் பிரித்துக் கீழேயே தொங்கவிட்டோம். சீட் முழுக்க எனக்கு. முதுகுக்குப் பின்னால் எண்ணெய் டின்னை வெட்டி ஒரு தகரம், காற்றில் தெறிக்கிற சாக்குத் தண்ணீர் அதில் பட்டு ரோட்டுக்கு ஓடிவிடும். இவ்வளவு சின்ன வேலை. இதைச் செய்யத் தெரியாமல் வெந்தயத்தைத் தின்றுகொண்டு இருந்திருக்கிறேன்.

புண் ஆறியதும் மறுபடி வண்டி ஓட்டத் தொடங்கினேன். விடிந்ததும் ஆற்றுக்குப் போவதை நிறுத்திவிட்டேன். "ஆத்துல குளிக்காம எலையைத் தொடுதியே," என்று அக்கா இன்றைக்கும் திட்டுகிறாள். வீட்டிலேயே குளித்து, எலும்புவரை துவட்டி, விளக்கெண்ணெயைத் தடவி, பட்டாபட்டியை உள்வெளியாக மாட்டிக்கொண்டு கிளம்புகிறேன். நாங்குநேரியில் ஒரு டீக்கடைக்குப் பின்னால் நின்று மாற்றிக்கொள்கிறேன். கழற்றின டவுசர் பையில் கிடக்கும். விளக்கெண்ணெயும் வியர்வையும் சேர்ந்த அந்த வாடையைச் சுகம் என்று சொல்ல மாட்டேன். நாய்கூட முகர்ந்துவிட்டுத் தும்முகிறது. ஆனாலும் அது உயிருள்ள நாற்றம், அழுகின நாற்றம் இல்லை. மேடு பள்ளத்தில் மிதியில் எழுந்து நிற்கிறேன். கட்டு ஆடுவதில்லை.

அடுத்த முகூர்த்தத்தில் தவசிப்பிள்ளை கட்டைத் தொடவில்லை. கொட்டகை வாசலிலேயே நிறுத்தினார்.

"திரும்பும்வே."

திரும்பினேன். வெள்ளை வேட்டி. பார்த்தார். வண்டிக்குப் போய் சீட்டில் உள்ளங்கையை வைத்து அழுத்தினார். கையை மூக்குக்குக் கொண்டுபோனார். காய் நறுக்குகிற பெண்கள் எல்லாரும் அதே பெண்கள்தான், அரிவாள்மணையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"வெளக்கெண்ணெய்," என்றார் அவர்களிடம். அப்புறம்தான் கட்டை அவிழ்த்தார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு தடவையும் இதுதான் நடக்கிறது. நான் திரும்பி நிற்பேன், அவர் பார்ப்பார், சீட்டைத் தொட்டு மோந்துவிட்டு இலைக்குப் போவார். எனக்கும் கூச்சம் விட்டுப்போயிற்று. இப்போது அவர் சொல்வதற்கு முன்பே திரும்பிவிடுகிறேன். பின்கட்டுக் கதவு திறந்துதான் இருக்கிறது.

போன முகூர்த்தத்தில் இலையை இறக்கிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினவனைப் பிடித்து, சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று பந்தியில் உட்காரவைத்தார். எனக்கு முன்னால் இலையை விரித்தார்கள். ஓரத்தில் என் தோட்டக்காரர் வெட்டுகிற அதே சாய்வு வெட்டு. தண்ணீர் தெளித்தார்கள், முத்து முத்தாக உருண்டது. எனக்கு அந்தச் சாக்கில் இருந்த மஞ்சள் தடம்தான் கண்ணுக்கு முன்னால் வந்தது. இலையை மடித்து ஓரமாக வைத்துவிட்டு, பரிமாறுகிறவனிடம் ஒரு சில்வர் தட்டு கேட்டேன்.

தவசிப்பிள்ளை சாம்பார் வாளியோடு வந்து நின்றார்.

"ஏம்வே, நீரு கொண்டாந்த எலைதான?"

"அதான் அண்ணாச்சி," என்றேன். "தட்டுல ஊத்தும்."